வாரேன் என்று சொல்லாமல் போனார்கள்

செவ்வாய், ஐப்பசி 5

தூறல். கரண்ட் இல்லை, தறிச் சத்தமும் இல்லை. நேற்று டிஸ்சார்ஜ் ஆகி கருமத்தம்பட்டி வந்தாயிற்று. தம்பி செந்தில் இன்னும் கோவை ஆஸ்பத்திரியில், ஐசியூவில். என் ஈரலில் பாதிக்கு மேல் இப்போது அவனுக்குள்.

குடம் தூக்கக் கூடாது. குனியக் கூடாது. தும்மினால் உயிர் போகிறது.

டாக்டர் சொன்னது: "மிச்ச ஈரல் தானா வளந்துக்குமுங்கம்மா. வளரச் சொல்ற புரதம் இருக்குது. அளவு வந்ததும் போதும்னு நிறுத்தற புரதமும் இருக்குது." அவனுக்குக் கொடுத்ததும் அப்படியே வளருமாம். சந்தோஷம். கொஞ்சம் பயமும். நான் தூங்கினாலும் உள்ளே ஒன்று தூங்குவதில்லை.

புதன்

அம்மா போனை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் மத்தியானம் ஈரத் தலையோடு வந்தார்.

"மழைங்களா?"

"ஆமா கண்ணு."

தூறல் காலையிலேயே விட்டுவிட்டது. செந்திலைப் பற்றிக் கேட்டேன். "நல்லா இருக்கறான். யாரையும் உள்ள உடறதில்ல." முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வெள்ளி

வெள்ளகோவில் சித்தி வந்தார். வெறுங்கையோடு. சாத்துக்குடி இல்லாமல் நோயாளியைப் பார்க்க வருகிற ஆளே இல்லை. என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். திடீரென்று எழுந்து போய்விட்டார். வாசலிலிருந்து கேட் வரைக்கும் "வாரேன் அம்மணி, வாரேன்" என்று நாலு தடவை சொல்கிற சித்தி.

பிறகு பக்கத்து வீட்டு மயிலக்கா. அவரும் சொல்லாமலே போனார்.

இழவு விசாரித்துவிட்டுத்தான் அப்படிப் போவார்கள். வாயை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள், பழக்கத்தை அடைக்க மறந்துவிட்டார்கள்.

வீட்டுக்காரரைக் கேட்டேன். "ஏனுங்க, செந்தில் போயிட்டானுங்களா?"

அழுதார். "செவ்வாக்கெழம ராத்திரியே முடிஞ்சுபோச்சு கண்ணு. தையல் பிரிஞ்சுபோடும்னு மறைச்சுபோட்டோம். நுரையீரல்ல கிருமி. உன்ற ஈரல் நல்லா வளந்துட்டுத்தான் இருந்துச்சாம்."

புதன்கிழமையே எரித்தும் விட்டார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை. ஆத்திரம், எல்லார் மேலும்.

சனி

எழுதப் பிடிக்கவில்லை. தழும்பு அரிக்கிறது. கை வைத்தால் சூடு. அவன் இங்கேதான் இருக்கிற மாதிரி.

திங்கள்

வெயில். ஸ்கேன். நர்ஸ் பெண் சிரித்துக்கொண்டே, "அக்கா, சூப்பரா வளந்திருக்குதுங்க."

அங்கே போன பாதி அவனோடு எரிந்துவிட்டது. இங்கே இருக்கிற பாதிக்கு அது தெரியாது. யாருக்காக இடம் விட்டதோ அவனே இல்லை என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. வளர்ந்துகொண்டே இருக்கிறது.