புதுப் படையின் முதல் சண்டை

ஷெஃபீல்டு,
ஞாயிறு

அன்பு நண்பா,

செவ்வாய்க்கிழமை சிகிச்சைக்கு உன் பெயரைக் கூப்பிடும் நேரத்தில் நீ ஆஸ்பத்திரியிலிருந்து நழுவியதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதமாட்டேன். உன் குதிரைப்படை பற்றிச் சொல்லத்தான் இது.

நேற்று தேவாலயக் கூடத்து மேசையில் நம் பொம்மைப் படைகளை வைத்து வாட்டர்லூ சண்டையை விரித்தோம். நீ புதிதாக வண்ணம் தீட்டித் தந்த குதிரைவீரர்களை இறக்கினேன். என்ன கை உனக்கு! சுண்டுவிரல் உயரக் குதிரை, அதன் கடிவாளத்தில் பித்தளை மின்னுகிறது. எதிரணி ட்ரெவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "படுபாவி, மீசையில நரைகூடப் போட்டிருக்கான்யா!" என்றான்.

பிறகு அவனுடைய பீரங்கி ஒருமுறை முழங்கியது. படை நிற்குமா என்று பகடையை உருட்டினேன். ஒன்று விழுந்தது. ஆட்ட விதிப்படி அத்தனை பேரும் மேசையை விட்டே ஓடிவிட்டார்கள்.

எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. ட்ரெவர்தான் தேற்றினான்: "புதுசா பெயின்ட் அடிச்ச படை என்னைக்குய்யா முதல் சண்டையில நின்னிருக்கு? என்னோடதும் ஓடினதுதான். அடுத்த தடவை பாரு, மலை மாதிரி நிக்கும்."

இத்தனை வருடமாக நாம் பார்க்காததா?

வரும் செவ்வாய் காலை காரோடு உன் வாசலில் இருப்பேன். உனக்கு இது இரண்டாவது தடவை.

என்றும் உன் அணியில்,
கிழட்டுத் தளபதி