மூஸ் கோலிங் வகுப்புக்குப் போன அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை அரிசி களைந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வீட்டின் காற்றுக் குழாய்களைத் துப்புரவாக்க வேண்டுமா என்று ஒரு பெண்பிள்ளை, பாடமாக்கியதை ஒப்பிப்பதுபோலக் கேட்டாள். வழக்கமாக உடனே வைத்துவிடுவேன். இன்று அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன். பிறகு ஈரக் கையோடு கதிரையில் இருந்து தனியே சிரித்தேன். இந்த வேலைக்கென்று நினைத்துத்தானே நீங்களும் நானும் ஒருநாள் வகுப்புக்குப் போனோம்!

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் ஒரே மாடிக்கட்டடத்தில் குடியிருந்தோம். துணி வெளுக்கும் தொழிற்சாலை மூடப்பட்டு இருவருக்கும் வேலை போயிருந்தது. பிளாசாவில் இருந்த டோனட் கடையின் சுவரில் கையால் எழுதிய ஒரு தாளை நீங்கள்தான் கண்டீர்கள். "மூஸ் கோலிங் பயிற்சி, இலவசம், புதியவர்களும் வரலாம்." படமொன்றும் இல்லை.

"மூஸ் எண்டது கொம்பனிப் பேராக்கும். கோலிங் எண்டால் கூப்பிடுறது, ரெலிபோன் வேலையடி. எனக்கெண்டே போட்டிருக்கிறாங்கள்" என்றீர்கள்.

யாழ்ப்பாணத்துத் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவர் நீங்கள். உங்கள் குரலை நம்பித்தான் கனடாவுக்கு வந்ததாகச் சொல்லுவீர்கள். வந்த இடத்தில் அந்தக் குரலை யாரும் கேட்கவில்லை. இயந்திர இரைச்சலில் துணி மடித்தீர்கள்.

நல்ல சேலை உடுத்து, மேலே குளிர்க்கோட்டும் போட்டுக்கொண்டு போனோம். வேட்டைச் சாமான் விற்கும் கடையொன்றின் பின்னறை. கட்டம் போட்ட சட்டைக்காரர் நிறைய இருந்தார்கள். பெண்கள் நாங்கள் இருவர்தான். ரோய் என்ற பெரிய உருவத்து மனிதர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டி வாயில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வயிற்றுவலிக்காரர்போல நீளமாக முனகினார்.

"அக்கா, இது ரெலிபோன் வேலை இல்லை."

"அது எனக்கும் விளங்குது. பேசாமல் இரு. கோப்பி தாறாங்கள்."

கோப்பி குடித்தபடி விஷயத்தை அறிந்துகொண்டோம். மூஸ் என்பது குதிரையைவிட உயரமான காட்டு மான். இலையுதிர்காலத்தில் பெண் மூஸ் முனகிக் கூப்பிட, ஆண் மூஸ் தேடி வருமாம். அந்தக் குரலைப் பழகினால் வேட்டைக்காரர் இருந்த இடத்திலேயே அதை வரவழைக்கலாம். ஒவ்வொருவராக ஊதிப் பார்த்தார்கள். உங்கள் முறை வந்ததும், எழும்பமாட்டீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுப் போய்க் கூம்பை வாங்கினீர்கள். குரல் ஏறியது, நடுவில் பிளந்தது, கீழே விழுந்து மறுபடி எழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ரோய் மட்டும் சிரிக்கவில்லை.

"பெண் மூஸ் பாட்டுக்காரி இல்லை. அதன் குரலும் இப்படித்தான் உடையும்" என்றார் அவர். "ஒருதரம் கூப்பிடுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பலர் கூப்பிட்டுக் கூப்பிட்டே கெடுத்துவிடுவார்கள்."

பஸ்ஸில் திரும்பும்போது, "எக்ஸ்சேஞ்சிலையும் உதுதான் வசந்தி. மணியை அடிச்சிட்டு, அங்காலை ஆள் எடுக்குமட்டும் பொறுக்க வேணும்" என்றீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தில் இருந்த வெளிச்சத்துக்காகத்தான் அடுத்த கிழமையும் உங்களோடு வந்தேன். கோடை முழுவதும் போனோம். நீங்கள் வீட்டில் பழகிய சத்தத்தைக் கேட்டு, யாருக்கோ சுகமில்லை என்று கட்டடக் காவலாளி கதவைத் தட்டியதும் உண்டு.

இலையுதிர்காலத்தில் ரோய் தன் வான் வண்டியில் எங்களை வடக்கே கூட்டிப்போனார். அவருக்கும் அவருடைய மைத்துனருக்கும் வேட்டை அனுமதி இருந்தது. நாங்கள் இருந்து கேட்கலாம், அவ்வளவுதான். எல்லோருக்கும் செம்மஞ்சள் தொப்பியும் மேலங்கியும் தந்து, "மனிதர் என்று தெரிய வேண்டும், கழற்றக் கூடாது" என்றார்.

விடியற்காலைப் பனிப்புகாரில் நாங்கள் இருந்த ஏரிக்கரையை விட்டு, நான் ஒதுங்குவதற்காகப் பற்றைகளுக்குப் பின்னால் போனேன். திரும்பிய பக்கமெல்லாம் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரிச் சேறு. நடக்க நடக்க ஏரி தூரப் போனது. அப்போதுதான் என் பெயர் கேட்டது. ஆண்களின் குரல். "வசாந்தி! வசாந்தி!" புகாருக்குள் இரண்டு நிழல்கள், இரண்டின் கையிலும் வேட்டைத் துவக்கு.

உங்களுக்கு ஒருமுறை மட்டும் சொல்லியிருந்தேன். ஊரில், போர்க்காலத்தில், நானும் என் சினேகிதியும் பனை வடலிப் பற்றைக்குள் ஒளிந்திருந்த நாளில், துவக்கோடு வந்தவர்கள் எங்கள் பெயர்களைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து பதில் சொன்னாள். திரும்பி வரவில்லை.

ரோய் நல்ல மனிதர் என்று என் மூளைக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. தொப்பியையும் மேலங்கியையும் கழற்றி வயிற்றுக்கடியில் திணித்து, சேற்றில் குப்புறப் படுத்தேன். கூப்பிடக் கூப்பிட இன்னும் தாழ்ந்தேன். அவர்கள் என்னைக் கடந்து போனார்கள்.

பிறகு நடந்ததை ரோய்தான் எனக்குச் சொன்னார். அவர்கள் தேடிவிட்டு வந்ததும் நீங்கள் குறுக்கே நின்று, துவக்குக் குழாயை உள்ளங்கையால் நிலத்தைப் பார்க்கத் தாழ்த்தினீர்களாம். உங்கள் துண்டு ஆங்கிலத்தில், "கத்த வேண்டாம். இதுகளை வான் வண்டிக்குள் வை. நீங்கள் கூப்பிட்டால் அவள் வரமாட்டாள்" என்றீர்களாம். அவர்கள் வைத்துப் பூட்டும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கூம்பைக் கேட்டீர்களாம்.

புகாருக்குள் அந்த முனகல் எழுந்தது. ஏறியது. நடுவில் பிளந்தது. சேற்றுக்குள் கிடந்த எனக்குக் கட்டடக் காவலாளியின் முகம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. பிறகு காடு முழுக்க அமைதி. இரண்டாம் முறை நீங்கள் கூப்பிடவில்லை. எனக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று விளங்கியது.

பெயர் சொல்லிப் பதில் கொடுக்க நா எழவில்லை. வந்தது மூஸின் முனகல்தான். அதையும் பிழையாகவே முனகினேன். நீங்கள் பதிலுக்கு முனக, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எங்களுக்கிடையில் கிளைகள் முறிந்தன. வருவது நீங்கள் என்று நான் நினைத்தேன். நான் என்று நீங்கள் நினைத்தீர்கள். வெளியே வந்தது வாசற்கதவளவு கொம்புகளோடு ஓர் ஆண் மூஸ்! மூக்கால் புகை விட்டபடி என்னைப் பார்த்தது, உங்களைப் பார்த்தது, ஏமாந்துபோன மாப்பிள்ளைபோல ஏரிக்குள் இறங்கி நீந்திப் போய்விட்டது. அதையே பார்த்து நின்ற ரோயின் இரண்டு கைகளும் வெறுமையாக இருந்தன. அதற்காக அவர் ஒருநாளும் எங்களைக் குறைசொன்னதில்லை.

நீங்கள் முழங்கால்வரை சேற்றில் இறங்கி வந்து, என் கையிலிருந்த தொப்பியைப் பறித்துத் தலையில் அழுத்தினீர்கள். "ஆருக்கடி ஒளிக்கிறாய்? நான் நிக்கிறன் எல்லே" என்றீர்கள்.

பிறகு உங்களுக்கு ஒரு மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கும் வேலை கிடைத்தது. அஜக்ஸில் வீடு வாங்கிப் போனீர்கள். நான் ஸ்காபரோவிலேயே, மில்லிக்கன் பக்கம் தங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எனக்குத் தொலைபேசியில் கூப்பிடுவீர்கள். நான் எடுக்கும்வரை வைக்கமாட்டீர்கள். இந்த வசந்தகாலத்தோடு அதுவும் நின்றது.

உங்கள் இறுதிச்சடங்கில் மண்டபம் நிறைந்திருந்தது. அம்மாவைப் பற்றிக் கதைக்க வசந்தி அன்ரி வருவா என்று உங்கள் மகன் ஒலிவாங்கியில் என் பெயரைச் சொன்னான். தெரியாத முகங்கள், பெரிய ஆண் குரல், கடைசி வரிசையில் நான். வழக்கமான அந்தக் குளிர் முதுகில் ஏறத்தான் செய்தது, அக்கா. அது இன்னும் போகவில்லை. ஆனாலும் எழுந்து நின்று, முன்வரிசைக்கும் கேட்கும்படி, "ஓம் தம்பி, இஞ்சை நிக்கிறன், வாறன்" என்றேன்.