வருகையின் நோக்கம்

பிப்ரவரி 9

அன்புள்ள கண்ணாடிக்கு,

நலமா? போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பிக்கொள்வோம் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இப்போது பார்த்தால் நல்ல ஏற்பாடு. நான் எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது.

ஒரு செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. அடுத்த மாதம் முதல் நம் ஊர்க்காரர்கள் விசாவே இல்லாமல் இங்கே வந்து முப்பது நாள் தங்கலாமாம். இருபத்திரண்டாம் மாடியில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று அது ஓடும் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். கதவிடுக்கிலிருந்து என் கூட்டாளி கத்தினான்: "அண்ணே, அண்ணிய வரச் சொல்லுங்க! விசா எடுத்துட்டாங்க. பெட்டியத் தூக்கிட்டு ஏறினா போதும்!" எண்ணெய் டப்பா கை தவறிக் கீழே போய்விட்டது. மேஸ்திரியிடம் நல்ல வசவு. அதெல்லாம் காதில் ஏறினால்தானே.

எனக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அதுவரை கம்பெனி விடாது, உனக்குத் தெரியும். நீ வா. மூன்று வருஷம் கழித்து நேரில் பார்க்கலாம். உடனே பதில் போடு.

உன்,
லிஃப்ட்டுக்காரன்


பிப்ரவரி 12

அன்புள்ளவருக்கு,

நலம். கண்ணாடிக் கடையில் கூட்டம். இன்று ஒரு பெரியவர் சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தார். நான் பலகையை வேறு எழுத்துள்ள பக்கத்துக்குத் திருப்பி மாட்டினேன். "இது என்னம்மா அநியாயம்?" என்று கோபித்துக்கொண்டார். பார்வை போய்விட்டது என்று ஒப்புக்கொள்வதில் மனிதர்களுக்கு எவ்வளவு கஷ்டம்!

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினால் போதும் என்பதை நான் நம்பவில்லை. விசா வேண்டாமென்றால் வேறு பத்து விஷயம் வேண்டுமென்றுதான் அர்த்தம். என் பாஸ்போர்ட் ஜூலையில் முடிகிறது. அது செல்லுமா? குறைந்தது இத்தனை நாள் தங்க வேண்டும் என்று ஏதாவது உண்டா? தங்குமிடம் என்று விடுதி முகவரி கொடுத்தால் போதுமா, அல்லது உங்கள் முகவரிதான் கொடுக்க வேண்டுமா? யாரோ சொன்னதை எழுதாமல் நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள்.

மழைக்கு முன் மாடிக் குழாயைச் சரிசெய்துவிட்டேன். ஆள் கிடைக்கவில்லை, நானே செய்தேன்.

இப்படிக்கு,
கண்ணாடி


பிப்ரவரி 15

அன்புள்ள கண்ணாடிக்கு,

அரை நாள் லீவு போட்டுக் குடியேற்ற அலுவலகத்துக்கே போய் வந்தேன். விசாரணை ஜன்னலில் இருந்த அம்மா நான் கேட்டதற்கெல்லாம் ஒரு அச்சடித்த தாளைத்தான் தட்டிக் காட்டினார். "இதுலயே இருக்கு, படிங்க." படித்தேன்.

உன் ஜூலை பாஸ்போர்ட் செல்லாது. இங்கே வந்து இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் உன் ஊர் விமான நிலையத்திலேயே ஏற்ற மாட்டார்களாம். உடனே புதுப்பிக்கக் கொடு. முத்திரை குத்த வெற்றுப் பக்கம் இரண்டு வேண்டும், புதுசில் அந்தக் கவலை இல்லை. திரும்பிப் போகும் டிக்கெட் கட்டாயம். கைச்செலவுக்கு இருக்கிறது என்று காட்ட வங்கிக் கணக்குத் தாள். அப்புறம் கம்ப்யூட்டரில் ஒரு வருகைப் படிவம். அதைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப வேண்டும், முன்னாலேயே நிரப்பினால் எடுக்காது. காசு கேட்கும் இணையப் பக்கம் எல்லாம் போலி, ஏமாந்துவிடாதே. இங்கே வேலை தேடக் கூடாது, முப்பது நாளை நீட்டிக்கவும் முடியாது.

குறைந்தபட்ச நாள் என்று எதுவும் இல்லை. அதை ஏன் கேட்டாய்? விடுதி எதற்கு, நான் என்ன செத்தா போய்விட்டேன்? கூட இருக்கும் இரண்டு பேரும் ஒரு மாதத்துக்கு வேறு அறையில் ஒண்டிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கிவிட்டேன். நீல நிறம். உனக்கு நீலம் பிடிக்கும்தானே? பச்சையா? ஞாபகமில்லை, மன்னித்துக்கொள்.

முப்பது நாள் முழுசாக இருக்கிற மாதிரி வா.

உன்,
லிஃப்ட்டுக்காரன்


மார்ச் 11

அன்புள்ளவருக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். பாஸ்போர்ட் நேற்றுதான் கைக்கு வந்தது.

மனு கொடுக்கப் போன அன்று ஜன்னலில் இருந்தவர் பழைய விவரங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். "கணவர் பேர் அப்படியே இருக்கட்டுமாம்மா?" என்றார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். எனக்கு உடனே வாய் வரவில்லை. பின்னால் நின்றவர் இருமினார். "இருக்கட்டும் சார்" என்றேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். இருபத்திரண்டாம் தேதி மதியம் வந்து இறங்குகிறேன். இருபத்தாறாம் தேதி காலை திரும்புகிறேன். நான்கு நாள்தான் முடியும், கடையில் ஆள் இல்லை. உங்கள் கூட்டாளிகளை அறையை விட்டுத் துரத்த வேண்டாம்.

இப்படிக்கு,
கண்ணாடி


மார்ச் 12

கண்ணாடி,

நாலு நாளா? முப்பது நாள் சும்மா கொடுக்கிறான். அதில் நாலு நாளை மட்டும் கிள்ளி எடுத்துக்கொள்கிறாய். கடையில் ஆள் இல்லையாம்! உன் அக்கா மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் கொடுத்த கடைதானே அது?

காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. எட்டாம் மாடி லிஃப்ட் கதவைக் கழற்றி மாட்டிவிட்டு, மாட்டியதை மறுபடி கழற்றினேன். கூட்டாளி "உடம்பு சரியில்லையாண்ணே?" என்று கேட்டான். அந்த வருகைப் படிவத்தை எடுத்து நானே பார்த்தேன். அதில் ஒரு கட்டம் இருக்கிறது: வருகையின் நோக்கம். சுற்றுலா, குடும்பத்தைப் பார்க்க, வியாபாரம், மருத்துவம், மற்றவை. இதில் நீ எதைத் தொடப் போகிறாய்? பாஸ்போர்ட் ஜன்னலில் ஏன் வாய் வரவில்லை? விடுதி, குறைந்த நாள், கணவர் பேர்... நான் மக்கு இல்லை.

எதுவாக இருந்தாலும் எழுதிவிடு. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றால் உள்ளே இருப்பவர்கள் எப்படித் துடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அப்படி இருக்கிறேன்.

லிஃப்ட்டுக்காரன்


மார்ச் 14

அன்புள்ளவருக்கு,

இரண்டு நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். நேரில் சொல்ல வேண்டும் என்றுதான் வரவே நினைத்தேன். கடிதத்தில் சொல்வது கோழைத்தனம் என்று பட்டது. ஆனால் நீங்கள் அங்கே திரைத்துணி மாட்டிக்கொண்டிருக்க, நான் ஒன்றும் சொல்லாமல் வந்து இறங்குவது அதைவிட மோசம்.

நாம் சேர்ந்து கொடுக்க வேண்டிய விவாகரத்து மனுவை வக்கீலிடம் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து வாங்கத்தான் வருகிறேன்.

வேறு யாரும் இல்லை. நீங்கள் அதைத்தான் முதலில் நினைப்பீர்கள் என்று எழுதுகிறேன். போன வருஷம் உங்களோடு வேலை பார்த்த வெல்டரின் மனைவி கடைக்குக் கண் காட்ட வந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைப் படித்தபடியே சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் ஒப்பந்தத்த நீட்டிக்க வேணாம்னு வந்துட்டார்க்கா. உங்க வீட்டுக்காரர்தான் தானாப் போய் இன்னும் ரெண்டு வருஷம் எழுதிக் கொடுத்துட்டாராமே?" அடுத்த எழுத்தைக் கேட்காமல் நான் பலகையைத் துடைக்கத் தொடங்கினேன்.

கம்பெனி விடவில்லை என்று நீங்கள் என்னிடம் இரண்டு முறை சொன்னீர்கள். இரண்டு முறையும் நான் கம்பெனியைத் திட்டினேன். நான் வேலையில் மயங்கி விழுந்தபோதும், எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோதும், "அவர் என்ன செய்வார் பாவம்" என்று எல்லோரிடமும் உங்களுக்காகப் பேசினேன். நீங்கள் இல்லாததை நான் பொறுத்துக்கொண்டேன். என்னைக் கேட்காமல் என் வருஷங்களை எழுதிக் கொடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

வரட்டுமா, வேண்டாமா? வரவேண்டாம் என்றால் டிக்கெட்டை விட்டுவிடுகிறேன். வரச்சொன்னால் படிவத்தில் உங்கள் முகவரியைப் போட வேண்டும். பத்தொன்பதாம் தேதி அது திறக்கும். அதற்குள் சொல்லுங்கள்.

கண்ணாடி


மார்ச் 19

அன்புள்ள கண்ணாடிக்கு,

ஐந்து நாளாக உன் கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது. திட்டித்தான் முதலில் எழுதினேன். அனுப்பவில்லை.

ஆமாம். நானேதான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறையும். பணத்துக்காக என்று சொன்னால் நீயும் நம்பலாம், நானும் நம்பலாம். அது இல்லை. கடைசியாக ஊருக்கு வந்தபோது டீ கலக்கக் கரண்டி தேடினேன், நீ இருக்குமிடத்தைச் சொன்னாய். துண்டு தேடினேன், சொன்னாய். என் வீட்டில் எல்லாவற்றுக்கும் உன்னைக் கேட்க வேண்டியிருந்தது. நான் இல்லாமலே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு லிஃப்ட் நின்றால் இருபது பேர் என்னைத் தேடுகிறார்கள். திரும்பி வர எனக்குப் பயமாக இருந்தது. அதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கம்பெனிமேல் பழி போடுவது சுலபம்.

வா. நீ நேரில் சொல்ல நினைத்தாய், நான் நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

முகவரி: பி கட்டடம், ஆறாம் மாடி, 614. தொடர்பு எண்ணில் என்னுடையதைப் போடு. உறவு என்று கேட்டால் கணவர் என்று போடு, இன்றைக்கு அதுதான் உண்மை. நோக்கம் உன் இஷ்டம். அந்த மனுவைக் கைப்பையில் வைக்காதே, பெட்டிக்குள் போடு. கைப்பையைத் திறக்கச் சொன்னால் அதிகாரி நாலு பேர் முன்னால் உன்னைக் கேள்வி கேட்பான்.

கையெழுத்துப் போடுவேனா என்று இப்போது கேட்காதே.

லிஃப்ட்டுக்காரன்


மார்ச் 26, விமான நிலையம்

அன்புள்ளவருக்கு,

வெளியேறும் முத்திரை குத்தி உள்ளே வந்துவிட்டேன். விமானத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. நான்கு நாள் ஒரே அறையில் இருந்தும் சொல்லாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

வந்து இறங்கிய அன்று என்னை நாற்பது நிமிடம் தனியாக உட்கார வைத்தது உங்களுக்குத் தெரியும். உங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் நடந்தது தெரியாது. புதுப் பாஸ்போர்ட், டிக்கெட், கணக்குத் தாள், படிவம் எல்லாம் பார்த்துவிட்டு அந்த அதிகாரி கேட்டார்: "எல்லாம் சரிதாம்மா. ஆனா புருஷன் இங்க வேலை பாக்குறாரு. நீங்க திரும்பிப் போவீங்கன்னு நான் எப்படி நம்புறது?" நீங்கள் சொன்னபடி மனுவைப் பெட்டியில் வைக்கவில்லை. கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் அடுத்த நிமிடமே விட்டிருப்பார். கை ஜிப் வரை போனது. திறக்க மனசு வரவில்லை. நாமே இன்னும் பேசாததை அவர் ஏன் முதலில் படிக்க வேண்டும்? "அவரையே கேளுங்க சார்" என்றேன்.

வேலை உடுப்போடு ஓடி வந்தீர்கள். கதவு பாதி திறந்திருந்தது, நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. "நாலு நாள்ல போயிடுவா சார். அவ சொன்னா செய்வா." குரல் நடுங்கவே இல்லை. அப்புறம் வெளியே வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

நேற்றுக் காலை நீங்களாகவே மனுவைக் கேட்டீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தில் இருந்த கறுப்பையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரு வரி விடாமல் படித்து, நம் தெருப்பெயரில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தி, ஏழு இடத்திலும் கையெழுத்துப் போட்டீர்கள். சண்டை போடுவீர்கள் என்று தயாராக வந்தேன். சண்டைக்கு வைத்திருந்த பேச்செல்லாம் அப்படியே தங்கிவிட்டது. திங்கட்கிழமை வக்கீலிடம் கொடுத்துவிடுவேன்.

சற்று முன்னால் பாதுகாப்பு வாசலைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து நகரும் படியில் ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது. குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். முன்பென்றால் எனக்குக் கோபம் வந்திருக்கும். வரவில்லை. உங்களுக்குத் தொந்தரவாக இருக்க வேண்டாம் என்று நடந்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டு முடித்துப் பேனாவை மூடும்போது ஒன்று கேட்டீர்கள்: "அன்னைக்கு ஒப்பந்தத்த நீட்டிக்கறதுக்கு முன்னாடி உன்னக் கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்ப?" நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். பதில் சொல்லியிருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

வரிசையில் நிற்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்களுக்குப் பயமாக இருந்தால், போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி