வாடாத தழை

ஜூலை 8, செவ்வாய்
விடிந்ததிலிருந்து காற்று, தூறல். நான்கு ஆட்டுக்கும் நானே தழை ஒடித்துப் போட்டேன். சரசு இறந்து இன்றோடு நாற்பத்தோரு நாள்.

சினையாடு வெள்ளச்சிக்கு வயிறு இறங்கிவிட்டது. இரண்டு குட்டி இருக்கும். பலா இலையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. சரசு நீட்டினால் தின்னும். என் கையில் என்ன நாற்றமோ.

பொள்ளாச்சியிலிருந்து மகள் போன். "ஏனுங்கப்பா, அம்மாவும் போயாச்சு. ஆட்டையெல்லாம் வித்துப்போட்டு இங்க வந்துருங்க." முடியாது என்று சொல்லிவிட்டேன். சரசு வளர்த்தவை. அவை கத்தினால்தான் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.

வாங்க: தாது உப்பு, காப்பித்தூள், டார்ச் பேட்டரி.

ஜூலை 9, புதன்
மிருகாசுபத்திரி. பேட்டரி மறந்துவிட்டேன்.

டாக்டர் மலையாளத்துக்காரர். "சினையாட்டுக்குப் பலா இலை மட்டும் போதாது. வயிறு நிறையும், புரதம் குறைவு. அகத்தி, வேலிமசால், முருங்கை கொடுக்கணும். கப்பயிலயும் நல்ல புரதமாக்கும், பட்சே..." ஆனால் என்று இழுத்தார், அதற்குள் யாரோ கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் கிளம்பிவிட்டேன். கப்பயில என்றால் மரவள்ளி இலை, நம் குச்சிக்கிழங்குத் தழை. தோட்டம் முழுக்க நிற்கிறது.

சரசுவும் அதைப் போடுவாள். முதல் நாளே ஒடித்துத் தகரத்தின்மேல் பரப்பி, வாடிச் சுருண்ட பிறகுதான் போடுவாள். "சத்தெல்லாம் வெயிலுக்குக் குடுத்துட்டுச் சக்கையவா ஆட்டுக்குப் போடறே?" எத்தனை முறை கத்தியிருப்பேன். பதில் பேச மாட்டாள். மறுநாளும் வாடியதையே போடுவாள். பிடிவாதக்காரி.

நாளை பச்சையாகவே போடுகிறேன்.

ஜூலை 10, வியாழன்
வெள்ளச்சி போய்விட்டது.

காலையில் ஒரு கட்டு. இளங்கொழுந்தாகப் பார்த்து ஒடித்தேன். என் கையிலிருந்தே வாங்கித் தின்றது, அவ்வளவு ஆசையாக. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. காப்பி குடித்துவிட்டு வந்தால் தரையில் கிடக்கிறது. கால் இழுக்கிறது, வாயில் நுரை. வெல்லம் கரைத்து ஊற்றினேன், உள்ளே இறங்கவில்லை. டாக்டர் மழையில் பைக்கில் வந்தார். பையைத் திறக்கவே இல்லை.

"பச்சையாவா போட்டீங்க? வாட வச்சா விஷம் குறையும். சரசு சேச்சிக்கு இது நல்லாத் தெரியுமே."

தெரியும். அவளுக்குத் தெரியும். முப்பது வருஷம் என் வசவைக் கேட்டுக்கொண்டே அத்தனை ஆட்டையும் காப்பாற்றியிருக்கிறாள்.

வேப்ப மரத்தடியில் குழி. தனியாகத்தான் வெட்டினேன். வயிற்றுக்குள் இரண்டும் அப்படியே. மற்ற மூன்றுக்கும் அந்தத் தழை எட்டவில்லை, அதுவரை புண்ணியம்.

பால்காரரிடம் நாளை வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி
வெயில். அடுப்புப் பற்றவைக்கவில்லை.

மகளுக்கு நானே போன் செய்தேன். "வெள்ளச்சி செத்துப்போச்சு கண்ணு. பச்சத் தழையப் போட்டு நாந்தான் கொன்னுட்டேன்."

"அழுவாதீங்கப்பா." பிறகு, "அம்மா உங்ககிட்டச் சொன்னதே இல்லீங்களா?"

"சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பனா கண்ணு?"

கேட்டிருப்பீங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். "இனி மத்த மூணுக்கும் வாட வச்சே போடுங்கப்பா" என்றாள்.