முன்னால் போகிறவளின் கை

கோட்டாறு,
10.11.2024

அன்புள்ள சிவப்ரியாவுக்கு,

ஜஸ்னா எழுதுவது. இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எதையும் கூட்டவோ மறைக்கவோ மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலையில் அடிபட்டதால் மூன்று மாதத்துக்கு நீ போன் திரையைப் பார்க்கக் கூடாதாம், உன் அம்மா சொன்னார்கள். "தாள்ல எழுதிப் போடு மக்கா, நாளுக்கு ஒரு பக்கம்னு படிப்பா" என்றார்கள். அதனால் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் வரவே இல்லை என்று நீ நினைத்திருப்பாய். மூன்று முறை வந்தேன். இரண்டு முறை படிக்கட்டோடு திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை உன் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. தலையணைகளின் மேல் தூக்கி வைத்த உன் கால் மட்டும் தெரிந்தது. உன் அப்பா வெளியே வந்து, "இப்பந்தான் கண்ணசந்தா. பொறவு வா மக்கா" என்று என் தலையைத் தடவினார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏனென்றால் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள். இராஜாக்கமங்கலம் வளைவில் மழைத்தண்ணீர் நிறைந்து குழி இருப்பதே தெரியவில்லையாம். முன்னால் சைக்கிளில் போன ஜஸ்னாவுக்கே தெரியாதபோது, அவள் சக்கரத்தை ஒட்டி ஒரு சாண் இடைவெளியில் வந்த சிவப்ரியாவுக்கு எப்படித் தெரியும் என்கிறார்கள். நம் கோச் ஜெயசிங் சாரும் தலைமையாசிரியரிடம் அப்படித்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் அந்தக் குழியைப் பார்த்தேன், சிவா.

அந்த இடத்தில் மட்டும் தண்ணீரின் நிறம் வேறாக இருந்தது. இடது கையை இறக்கித் தரையைக் காட்டியிருக்க வேண்டும். "முன்னால போறவதான் பின்னால வாறவளுக்குக் கண்ணு" என்று சார் முதல் நாளே சொன்னார் அல்லவா? ஆனால் மீட்டரில் வேகம் முப்பத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடற்காற்று பக்கவாட்டில் தள்ளியது. கைப்பிடி நனைந்து வழுக்கியது. ஒரு கையை எடுத்தால் நானே விழுந்துவிடுவேன் என்று பயந்தேன். எடுக்கவில்லை. கத்தவும் இல்லை. நான் மட்டும் விலகிப் போய்விட்டேன்.

இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. வேதியியல் குறிப்புகள் இத்துடன் இருக்கின்றன.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜஸ்னா


தேரூர்,
24.11.2024

அன்புள்ள புத்தகப்புழுவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறதென்று சிரிக்காதே, படுத்துக்கொண்டே எழுதுகிறேன். தொடை எலும்பும் இடது காரை எலும்பும் உடைந்தன. வலது கை தப்பித்தது. தொடைக்குள் ஒரு கம்பி வைத்திருக்கிறார்கள். அம்மா வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கம்பியின் நீளத்தைக் கையால் காட்டிக் காட்டி அழுகிறாள். ஹரி அண்ணனோ, "இனி இவளுக்க எடை கூடுதலாக்கும், ஏத்தத்துல இழுக்காது" என்கிறான். அவனுக்கு ஒரு தலையணை எறி கிடைத்தது.

'மிகாமல்' என்று எழுதியிருக்கிறாயே, யாரு எளா அப்படிப் பேசுகா?

குழி விஷயம். எனக்குத் தெரியும், ஜஸ்னா. இரண்டு வருஷமாக உன் முதுகைப் பார்த்துக்கொண்டுதானே வருகிறேன். அன்றைக்கு உன் இடது தோள் அசைந்தது. கை வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி விட்டம்தான் நினைவிருக்கிறது.

நானாக இருந்தாலும் கையை எடுத்திருக்க மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன். இதோடு விடு. யாரிடமும் சொல்லவும் வேண்டாம். அப்பா நெடுஞ்சாலைத்துறை அலுவலகத்துக்கு மனுவோடு நடந்துகொண்டிருக்கிறார். அவருக்குத் திட்ட ஏதாவது வேண்டும், குழியைத் திட்டிக்கொள்ளட்டும்.

எனக்கு நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு நாள்கூட விடாமல் பயிற்சிக்குப் போ, போய் எல்லாவற்றையும் எழுது. அடுத்த ஆகஸ்டில் மாநிலப் போட்டி. நால்வர் அணியில் நீ முதல், நான் உன் பின்னால். டாக்டர் "பாக்கலாம்" என்கிறார். நான் "பாத்துருவோம்" என்றேன்.

உன்,
சிவா


கோட்டாறு,
15.12.2024

அன்புள்ள சிவாவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் நீ கேலி செய்வாய்.

பயிற்சிக்குப் போகிறேன். என் பின்னால் இப்போது ரிஸ்மா வருகிறாள், தேங்காப்பட்டணத்திலிருந்து நம் பள்ளிக்குப் புதிதாகச் சேர்ந்தவள். நான் எல்லாவற்றுக்கும் கை காட்டுகிறேன். குழிக்கு, சரளைக்கல்லுக்கு, தென்னை மட்டைக்கு. நேற்று ஒரு பிளாஸ்டிக் கவருக்கும் காட்டிவிட்டேன். ரிஸ்மா பின்னாலிருந்து, "ஏட்டி, சாணிக்கெல்லாம் கை காட்டுகியே, தோளுல ஸ்பிரிங்கு வச்சிருக்கியா?" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அந்த வளைவில் குழியை அடைத்துவிட்டார்கள். புதுத் தார் சதுரமாகக் கறுத்துக் கிடக்கிறது. அங்கே வரும்போதும் கை காட்டுகிறேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அன்புடன்,
ஜஸ்னா


தேரூர்,
9.2.2025

அன்புள்ள ஜஸ்னா,

செய்தி பெரிது, ஆனால் வரிசையாகச் சொல்கிறேன். சைக்கிளின் பின்சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி அப்பா வீட்டுக்குள் நிறுத்திவிட்டார். ஏறி உட்கார்ந்தேன். பெடலை மிதித்தால் பாதி வட்டம்தான் வருகிறது. முட்டி அதற்குமேல் மடங்க மாட்டேன் என்கிறது. முன்னால் பாதி, பின்னால் பாதி, தொட்டில் ஆட்டுகிற மாதிரி. பிசியோதெரபி அக்கா, "அவசரப்படாத, அதுவாட்டு ஒரு நாள் சுத்திரும்" என்றாள். பதினொரு நாள் ஆட்டினேன். வலியில் ஹரியைக் கடித்தும் இருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் சுற்றிவிட்டது. ஒரே ஒரு முழு வட்டம். நான் கத்திய கத்தலில் அம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தாள், மோர் ஊற்றி வைத்த புளிசேரி கொதித்துத் திரிந்துபோயிற்று. அப்பா சீட்டைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே நின்றார்.

அந்தத் திரிந்த புளிசேரியைத்தான் நாங்கள் மதியம் சாப்பிட்டோம்.

உன்,
சிவா


கோட்டாறு,
9.3.2025

அன்புள்ள சிவாவுக்கு,

நோன்பு தொடங்கிவிட்டது. விடியலில் சுபுஹு தொழுத பிறகு ஒரு மணி நேரம் மட்டும் மெதுவாக ஓட்டுகிறேன். கையேந்திக் கேட்கும் துஆவில் உன் இடது தொடையைச் சேர்த்திருக்கிறேன். உம்மா கேட்டுவிட்டு, "முழுப் பிள்ளைக்கும் கேளு மோளே, தொடைக்கு மட்டுமா கேப்பாவ?" என்று திட்டினார்கள். இப்போது காரை எலும்பையும் தலையையும் சேர்த்துக்கொண்டேன்.

நீ சுற்றிய அந்த ஒரு வட்டத்தை நினைத்துக்கொண்டுதான் இராஜாக்கமங்கலம் வரை போய் வருகிறேன்.

அன்புடன்,
ஜஸ்னா


தேரூர்,
27.4.2025

அன்புள்ள ஜஸ்னா,

சாலைக்கு வந்துவிட்டேன்! ஹரி அண்ணன் பைக்கில் முன்னால் போக, அவன் பின்னால் முதலில் சுசீந்திரம் வரை. நேற்று முப்பது கிலோமீட்டர். லாரி ஒன்று உரசிக்கொண்டு போனபோதும் பிரேக்கைத் தொடாமல் நேராகவே ஓட்டினேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு எலும்பு கூடிவிட்டது என்கிறார்.

போனும் எப்போதோ திரும்பக் கிடைத்துவிட்டது. இருந்தாலும் இந்தக் கடிதத்தை விட மனசில்லை. மே கடைசிச் சனிக்கிழமை பழைய நேரத்துக்கு வந்து நிற்பேன். உன் பின்னால் என் இடத்தை ரிஸ்மாவிடம் காலி செய்யச் சொல்.

உன்,
சிவா


கோட்டாறு,
15.6.2025

அன்புள்ள சிவாவுக்கு,

நேற்றோடு நாம் சேர்ந்து ஓட்டி மூன்று சனிக்கிழமை ஆகிறது. நேரில் கேட்க இரண்டு முறை வாயெடுத்தேன், முடியவில்லை. மறைக்க மாட்டேன் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

நேற்று உன் பிரேக் சத்தத்தை எண்ணினேன். மணவாளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் இருபத்தாறு. சாலையில் ஒன்றுமே இல்லை, சிவா. வெறும் வெயில். "ஒண்ணும் இல்ல, வா, வா" என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். முதலில் ஒரு சைக்கிள் நீளம் பின்தங்கினாய், பிறகு இரண்டு. அதற்குப் பிறகு உன் மூச்சே எனக்குக் கேட்கவில்லை. சார், "தொடைக்கு இன்னும் பெலன் வரல்ல. இப்படியே இருந்தா ஆகஸ்டுக்கு வேற ஆளு பாக்கணும்" என்றார். நீ தலையாட்டினாய்.

திரும்பும்போது ரிஸ்மா முன்னால் போனாள், நீ அவள் பின்னால், நான் கடைசியில். உன் சக்கரத்துக்கும் அவள் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. இராஜாக்கமங்கலம் வரை ஒரு தடவைகூட நீ பிரேக்கைத் தொடவில்லை.

உன் தொடையில் ஒரு குறையும் இல்லை, அப்படித்தானே?

ஜஸ்னா


தேரூர்,
6.7.2025

அன்புள்ள ஜஸ்னா,

மூன்று வாரம் தாமதம். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

தொடையில் ஒன்றுமில்லை. கோபமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்காமலே தூங்காமல் இருப்பாய் என்று தெரியும். கோபம் இல்லை. எனக்குள்ளே நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

உன் பின்னால் வந்ததும் என் கண் சாலைக்குப் போவதில்லை, உன் இடது தோளுக்குப் போகிறது. நீ கை காட்டுகிற இடத்தில் எனக்குப் பயமில்லை. காட்டாத இடத்தில்தான் பயம். ஒன்றும் இல்லாததால் காட்டவில்லையா, இருந்தும் காட்டவில்லையா என்று யோசிப்பதற்குள் விரல் பிரேக்கை இழுத்துவிடுகிறது. நான் இழுக்கவில்லை, ஜஸ்னா. விரல்தான் இழுக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளம்பும்போது அதனிடம் சொல்லிப் பார்க்கிறேன். அதற்கு நினைவூட்ட, நம் இருவர் பெயரையும் எழுதிய ஒரு துணியைக் கைப்பிடியில் கட்டிக்கூடப் பார்த்தேன்.

நான் உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன். அதை விரலுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ இவ்வளவு படிக்கிறாயே, எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

சாரிடம் தொடை என்றே இருக்கட்டும். என்னை எடுத்துவிட்டால் எடுக்கட்டும். உன்னைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்வதை நான் கேட்க வேண்டாம்.

சிவப்ரியா


நாகர்கோவில்,
19.7.2025

சிவப்ரியாவுக்கு,

நீ கேட்டது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தேடினேன்.

புதன்கிழமை சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழியை, கையை, இருபத்தாறு பிரேக்கை. நீ வேண்டாம் என்று சொன்னதை மீறியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, அது பொய்யாகிவிடும். சார் வெகுநேரம் பம்பை வைத்து ஒரு டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டே இருந்தார், அது முன்பே நிறைந்திருந்தது. பிறகு, "ஒம்பது மாசம் எங்கிட்ட சொல்லல்லியே மக்கா" என்றார். அதோடு சரி. ரிஸ்மா முதல், நீ இரண்டாவது என்று அணிப்பட்டியலை மாற்றி எழுதினார். என்னை நான்காவதாக வைத்துக்கொள்ளலாம் என்றார். நால்வரும் முறை மாறி முறை முன்னால் வர வேண்டும் அல்லவா? என் முறை வரும்போது அப்போதும் நீ என் கையை நம்பித்தான் வரவேண்டியிருக்கும். அணியில் எந்த இடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் தேரூருக்கு வந்தேன். நீ பிசியோதெரபிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தேன். உன் அப்பா மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். "நாலு மனு குடுத்தேன் மக்கா. அந்த இஞ்சினியருக்க முன்னால கைநீட்டிச் சத்தம் போட்டேன். அவன் எனக்க மவன் வயசு" என்றார்கள். மண்வெட்டியைத் திரும்ப எடுத்தபடி, "குழி அங்க இருந்ததும் உள்ளதுதானே" என்றார்கள். என்னிடம் சொன்னார்களா, தங்களுக்கே சொல்லிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. "அழகம்மை, பிள்ளைக்குச் சாயா எடு" என்று உள்ளே இருந்த உன் அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்கள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. சாயா வரவில்லை. உன் அப்பா இன்னொரு முறை கூப்பிடவில்லை. நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று காலை பயிற்சி முடிந்ததும் ரிஸ்மா போன் செய்தாள். "ஏட்டி, சிவா எனக்க சக்கரத்துல பசை போட்டு ஒட்டுன மாதிரியாக்கும் வந்தா" என்றாள். இதுவரை வந்ததிலேயே நல்ல நேரமாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். பேசி முடித்த பிறகு உம்மா, "என்ன மோளே, சோத்த வச்சிக்கிட்டு பாத்துக்கிட்டே இருக்க?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். இந்தக் கடிதங்கள் தொடங்கிய பிறகு நான் சொன்ன முதல் பொய் அது, அதுவும் உன்னிடம் இல்லை.

இனி சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் வரமாட்டேன். பள்ளியில் பார்க்கும்போது நீ சிரிப்பாய், நானும் சிரிப்பேன். அதில் ஒன்றும் குறைவிருக்காது. ஆனால் நீ சிரித்து முடித்து என் தோளைப் பார்ப்பாய். அதை நான் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இதற்குப் பதில் எழுதாதே, சிவா. எழுதினால் "பரவாயில்லை" என்று எழுதுவாய்.

மாவட்ட நூலகத்தின் வாசிப்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் உம்மா முகத்தைப் பார்த்துவிடுவார்கள். நேரம் ஆகிவிட்டது என்று நூலகர் இரண்டு முறை சொல்லிவிட்டார். இன்னும் ஒன்று எழுத இருந்தது. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

ஜஸ்னா