நாற்பதாவது புத்தகம்

செவ்வாய்க்கிழமை, இரவு

நூலகத்துக்கு இன்று நாற்பது புதுப் புத்தகங்கள் வந்தன. பட்டியலை எழுதி வாசலில் ஒட்டியது நான்தான். அதிலிருந்த தடித்த துப்பறியும் நாவலை மட்டும் என் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். எல்லோருக்கும் முன்னால் நான் படித்துவிட வேண்டும். நூலகராகிப் பதினோரு வருடமாக இதே திருட்டுத்தனம்.

பத்து மணிக்கே காதர் பாய் வந்துவிட்டார். வில்லாபுரத்தில் தையல் கடை வைத்திருப்பவர். பட்டியலைப் படித்துவிட்டு நேராக அந்த நாவலைத்தான் கேட்டார்.

"இன்னும் தேதிச் சீட்டு ஒட்டல பாய். ஒட்டாமக் குடுக்கக் கூடாது" என்றேன்.

"இம்புட்டுதானா? பசையக் கொண்டா தங்கச்சி, நான் ஒட்டித் தாரேன்."

கடையை மறந்து மூன்று மணி வரை உட்கார்ந்து ஒட்டினார். தைக்கிற கை, ஒரு சீட்டுகூடக் கோணவில்லை. எனக்கோ நல்ல பசி. ஆனால் அவர் எதிரில் சாப்பாட்டுப் பையை எப்படித் திறப்பது?

நான் எண்ணிக் கொடுத்த நாற்பது சீட்டில் கடைசியில் ஒன்று மிஞ்சியது. அதை என் மேசைமேல் வைத்தார்.

"முப்பத்தொம்பதுதான் இருக்கு. நீ மெதுவாப் படிச்சிட்டே குடு. கொலகாரன் யாருன்னு மட்டும் சொல்லிராத. வாரேன்."

முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அந்தச் சீட்டை இப்போதுதான் ஒட்டினேன். கோணலாகப் போய்விட்டது. நாளைய தேதியையும் எழுதிவிட்டேன். நாவலில் இரண்டாவது அத்தியாயத்தைத் தாண்டவில்லை, மூடிவிட்டேன். அவரே முதலில் படிக்கட்டும். கொலைகாரன் யாரென்று என்னிடம் சொல்லாமல் இருந்தால் சரி.