பெஞ்சில் உட்காரும் மரியாதை

16 ஜனவரி 1962

மழை. கூடைப்பந்துத் தளத்தில் தண்ணீர் நிற்கிறது. பாதிரியாரான எங்கள் கல்லூரி அதிபர் சுவாமி கூப்பிட்டனுப்பினார். இந்த வருடம் இரண்டு காரியம் நடக்க வேண்டுமாம். ஒன்று, கேடயம் நம் கல்லூரிக்கு வர வேண்டும். இரண்டு, பெஞ்சில் இருக்கும் பையன்களும் ஆடிப் பழகி முன்னுக்கு வர வேண்டும். "ரெண்டுல எது முக்கியம் சுவாமி?" என்று கேட்டேன். "ரெண்டும்தான் மாஸ்டர்" என்று சிரித்தார். கேடயம் வராவிட்டால் கூடைப்பந்துப் பொறுப்பு லத்தீன் மாஸ்டருக்குப் போய்விடும் என்பதையும் அதே சிரிப்போடு சொன்னார்.

லத்தீன் மாஸ்டருக்குக் கூடை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நான் வருடக்கணக்காகக் கட்டி வளர்த்த குழு. விடுவேனா?

19 ஜனவரி

புதுத் தோல்பந்து வந்துவிட்டது. என்ன வாசனை! அதை முதல் ஐந்து பேருக்கென்று ஒதுக்கிவிட்டேன். பெஞ்சுப் பையன்கள் ஐவருக்கும் பழைய பந்து. தையல் விட்டு, ஒரு பக்கம் வீங்கி, தரையில் தட்டினால் தன் இஷ்டத்துக்குப் போகிற பந்து அது. 'பெஞ்சுப் பையன்களுக்குத் தனிப் பந்து கொடுத்துப் பயிற்சி தொடங்கியாயிற்று' என்று அதிபருக்குச் சொல்லியனுப்பினேன். பொய்யில்லையே?

பயிற்சி முடிந்ததும் அழகன் வந்து நின்றான். டயகமத் தேயிலைத் தோட்டத்துப் பையன், உபகாரச் சம்பளத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். இரண்டு வருடமாகப் பெஞ்சில் இருக்கிறான்.

"என்னய எப்ப சார் எறக்குவீங்க?"

"சீக்கிரம்" என்றேன். போன வருடமும் இதையேதான் சொன்னேன் போலிருக்கிறது.

3 பெப்ரவரி

முதல் ஆட்டம். நம் தளத்தில்தான். ஜெயித்தோம்! முதல் ஐவரில் அந்தோனிமுத்து ஒருவனே பாதிப் புள்ளிகளுக்கு மேல் எடுத்தான். நாம் எவ்வளவோ முன்னால் இருந்தும் பெஞ்சுப் பையன்களை இறக்க மனம் வரவில்லை. முன்னால் இருப்பவனுக்குத்தானே பயம் அதிகம்? ஆனாலும் அவர்களைச் சும்மா வைத்திருக்கவில்லை. ஒருவன் துண்டு பிடித்தான், ஒருவன் தோடம்பழம் உரித்தான், அழகன் என் குடையைப் பார்த்துக்கொண்டான். அதிபரிடம், "பத்துப் பேரும் பங்கெடுத்தாங்க சுவாமி" என்றேன்.

17 பெப்ரவரி

மறுபடியும் வெற்றி. ஆனால் இன்று எழுத வேண்டியது அதுவல்ல.

அழகனின் தகப்பன் ஆண்டியப்பன், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு டயகமவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். மகனை ஏன் ஆட விடவில்லை என்று சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துப் பதிலெல்லாம் தயார் செய்துகொண்டேன். மனிதர் கும்பிட்டார்!

"ரொம்ப சந்தோசங்க சார். எங்கள வேலை வாங்குற கணக்கப்பிள்ளையோட மகன் அந்தோனிமுத்து வேர்த்து ஒழுக ஓடுறான். எம்மவன் கம்பளிச் சட்ட போட்டுக்கிட்டு ஒங்க பக்கத்துல உக்காந்திருக்கான்! எங்க லயத்து வீடுகள்ல போயி சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தோட்டத்தில் மேலும் கீழும் ஓடுகிறவர்கள் தொழிலாளர்கள். உட்கார்ந்து பார்ப்பவர்கள் துரைமார். அந்தக் கணக்கில் என் பெஞ்சில் ஐந்து துரைகள்!

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லவில்லை. பெற்றவருக்கே திருப்தி என்றால் எனக்கென்ன? பின்னால் நின்ற அழகன் தலை நிமிரவில்லை.

வீட்டில் மனைவி ஐவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அந்த மனுசனுக்கு வெளங்கப்படுத்தலியா?" என்றாள். "சந்தோசமாப் போனாரே" என்றேன். "அந்தப் பையன்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெண்களுக்குக் கூடைப்பந்து புரியாது.

24 பெப்ரவரி

மூன்றாவது வெற்றி. பெஞ்சில் துரைமார் சௌக்கியம்.

10 மார்ச்

அரையிறுதி. போச்சு. எல்லாம் போச்சு.

முன்னால்தான் இருந்தோம். அந்தோனிமுத்து ஐந்தாவது தவறு செய்து, விதிப்படி வெளியே வந்துவிட்டான். வேறு வழியில்லாமல் அழகனை இறக்கினேன். என்ன அதிசயம் — பந்து எங்கே வரும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிகிறது! நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நிற்கிறான். ஆனால் பந்து கைக்கு வந்ததும் நழுவுகிறது. மறுபடியும் நழுவுகிறது. ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம்.

எல்லார் முன்னாலும் கத்தினேன். "ரெண்டு வருசமா பெஞ்சுல என்னத்தடா பாத்துக்கிட்டிருந்தே?"

"ஆட்டத்தத்தான் சார் பாத்தேன். இந்தப் பந்த இன்னிக்கித்தான் தொடுறேன்."

என் குடையை நானே எடுத்துக்கொண்டு நடந்தேன்.

வேலியோரத்தில் ஆண்டியப்பன் நின்றிருந்தார். இம்முறை கும்பிட வரவில்லை.

12 மார்ச்

லத்தீன் மாஸ்டர் மூட்டுவலி என்று சொல்லிப் பொறுப்பை மறுத்துவிட்டார். ஆகவே நானே தொடர்கிறேன். இதைவிட வேறு அவமானம் வேண்டுமா?

15 மார்ச்

விடுதியில் அழகனின் கட்டில் காலி. தகப்பன் வந்து பெட்டியோடு அழைத்துப் போய்விட்டாராம். "தோட்டத்துல வேலைக்கு அவன் பேரப் பதியப் போறாங்க சார்" என்றான் அந்தோனிமுத்து. வகுப்பில் இரண்டாம் இடத்துக்குக் குறையாத பையன். அந்தப் பெப்ரவரி பதினேழாம் தேதி தகப்பனிடம் இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால்?

18 மார்ச்

ஞாயிறு. பூசை முடிந்த கையோடு டயகமவுக்குப் போனேன். ஆண்டியப்பன் லயத்து வாசலில் பலகை போட்டு உட்கார வைத்தார். தேத்தண்ணி கொடுத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் சுட்டது.

"தொர மாதிரி உக்காந்திருந்த புள்ளய எறக்கி, ஓட வுட்டு, நாலு பேரு முன்னால ஏசுனீங்க. ஓடி ஏச்சு வாங்குறதுக்கு இங்க மலை இருக்குதுங்களே சார். அதுக்குக் காலேஜி எதுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆடுகிறவனுக்குத்தான் மதிப்பு, ஆட வேண்டாம் என்று ஒதுக்கியவனைத்தான் பெஞ்சில் வைப்போம் என்றேன். "நல்ல பந்த அவன் கையில நாந்தாங்க குடுக்கல. அதான் நழுவுச்சு. தப்பு எம்மேல."

ஆண்டியப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓடுறவன்தான் பெரியவன்னா, நீங்க ஏன் சார் உக்காந்தே இருக்கீங்க?"

தேத்தண்ணியைக் குடித்தேன். உள்ளே அழகன் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"நீங்க ஓடுங்க. நா வந்து பாக்குறேன். அப்பறம் பேசலாம்" என்றார்.

24 மார்ச்

ஓடினேன். காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, நாற்பத்தாறு வயதில், தொப்பையோடு. புதுப் பந்து பத்துப் பேர் கையிலும் மாறி மாறிப் போயிற்று. அதிபர் சுவாமி மேல்மாடி வராந்தாவில் நின்று பார்த்தார். இதைக் கேடயக் கணக்கில் சேர்ப்பதா, வளர்ச்சிக் கணக்கில் சேர்ப்பதா என்று அவர் குழம்பியிருப்பார்.

ஆண்டியப்பன் வேலியோரம் நின்றார். காலடியில் மகனின் பெட்டி. அழகன் என் கையிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிப் போய்க் கூடையில் போட்டான். பந்து நழுவவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூச்சு வாங்கியது, அதனாலும் இருக்கலாம்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க சார்" என்றார் ஆண்டியப்பன். "நா இன்னும் பாத்து முடிக்கல."